அட்வான்ஸ் நோட்டில் ‘மாத்திரைக்கு’

எங்கள் மில்லில் அட்வான்ஸ் நோட்டு என்று ஒன்று இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பல வருடம் ஆயிற்று. இந்த நோட்டு மட்டும் இன்னும் கையெழுத்தில்தான் ஓடுகிறது. தேதி, பெயர், தொகை, காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். சேலத்திலிருந்து ஓமலூர் போகிற பக்கம் இருக்கிற நடுத்தரமான நூல் மில் இது. மூன்று ஷிஃப்டும் சேர்த்து இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கும் ஆள் நிர்வாகமும் நான் பார்க்கிறேன்.

காரணம் என்ற கட்டத்தை வைத்தே இங்கே வருடம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம். ஜூனில் ‘ஸ்கூல் ஃபீஸ்’. ஆடியில் ‘மாரியம்மன் நோம்பி’. ஐப்பசியில் ‘தீபாவளித் துணி’. ஒரு நாள் சாயந்திரம் ஆடிட்டருக்காகப் பழைய பக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பருவம் பார்க்காமல் வருகிற ஒரு சொல் கண்ணில் பட்டது. ‘மாத்திரைக்கு’. ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்கு மேல். முந்நூறு, ஐந்நூறு, நானூறு. கிட்டத்தட்ட அதே பதினைந்து பேர். எழுதியது எல்லாம் நான்தான். மாதாமாதம் என் கையாலேயே எழுதிவிட்டு, ஒரு தடவைகூட என்ன மாத்திரை என்று கேட்டதில்லை.

மறுநாள் ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். ஐம்பத்து நாலு வயது. மெஷின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர்.

“மாசாமாசம் மாத்திரைக்கு வாங்கறீங்களே அண்ணா, என்ன மாத்திரை?”

“பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, கொழுப்புக்கு ஒண்ணுங்க மேடம்.”

“மாசம் எவ்வளவு ஆகுது?”

“முழுசா வாங்குனா ஆயிரத்து எட்டுநூறு கிட்ட வருதுங்க. நான் முழுசா வாங்கறதில்லை.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மாத முதல் வாரத்தில் இருபது நாளுக்கு வாங்குவார். அது தீர்ந்ததும் அட்வான்ஸ் போட்டு அஞ்சு மாத்திரை, பத்து மாத்திரை என்று வெட்டி வாங்குவார். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிரஷர் மாத்திரையை மட்டும் விடமாட்டார், ஏனென்றால் விட்டால் தலை வலிக்கிறதாம். கொழுப்பு மாத்திரையை விட்டால் ஒன்றும் தெரிவதில்லை, அதனால் அது முதலில் நிற்கும். சுகர் மாத்திரை அடுத்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. இதே மில்லில் ஒருவருக்கு, மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ஒரு பக்கம் கையும் காலும் வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதினைந்து பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான்.

இங்கே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குத்தான் அது. 2017-இல் வைத்த வரம்பு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். உள்ளே இருக்கிறவரை டிஸ்பென்சரியில் மாத்திரை இலவசம். வரிசையில் நின்று அரை நாள் கூலி போகிறது என்று போகாதவர்கள் உண்டு, அது வேறு கதை. ஆனால் இருபது, இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து, சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியதும், பங்கு கட்டுகிற அந்த அரையாண்டும், அதற்காகச் சலுகை கிடைக்கிற காலமும் முடிந்த பிறகு ஆள் வெளியே வந்துவிடுகிறார். அப்போது வயது என்ன? ஐம்பதை ஒட்டி. சுகரும் பிரஷரும் வருகிற வயது. ஃபிட்டர் அண்ணன் அப்படி வெளியே வந்தவர்தான். சம்பளம் கூடியது, கூடவே மருந்துச் செலவும் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கென்று நிர்வாகம் எடுத்திருக்கிற குரூப் இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரியில் படுத்தால் தரும். படுப்பதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கான மருந்துக்குத் தரும். ஆயுள் முழுக்க தினமும் போடுகிற மாத்திரைக்குத் தராது.

சரி, அந்த மாத்திரையாவது ஏன் அவ்வளவு விலை? அண்ணனிடம் மறுநாள் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். அஞ்சும் ஆறுமாக வெட்டி வாங்கியதால் ஒரு அட்டையும் முழுதாக இல்லை. ஒரு துண்டில் பிராண்டு பெயரின் பின்பாதி. இன்னொன்றில் விலை இருக்கிறது, காலாவதித் தேதி வேறு யாருடைய வீட்டுக்கோ போய்விட்டது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். டெல்மிசார்டான் 40. அட்டோர்வாஸ்டாட்டின் 10. மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்தது ஒன்று. சிட்டாகிளிப்டின் ஒன்று. 2018 செப்டம்பரிலிருந்தே, ஒரே மருந்து உள்ள மாத்திரையில், அந்த மருந்தின் சொந்தப் பெயரான பொதுப்பெயர் பிராண்டு பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிராண்டு பெயருக்குச் சிவப்பு, பொதுப்பெயருக்கு வெள்ளித் தாளில் வெளிறிய நீலம். அதுவும் ஆங்கிலத்தில். அண்ணன் ஏழாம் வகுப்பு வரை தமிழ் மீடியம் படித்தவர்.

அந்த நாலுமே எப்போதோ காப்புரிமை முடிந்த மருந்துகள். மெட்ஃபார்மின் நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. கடைசியாக வந்த சிட்டாகிளிப்டினுக்கும் 2022 ஜூலையில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் செய்து விலை இறங்கிவிட்டது. அண்ணனின் சீட்டு அதற்கு முன்பு எழுதியது. அதே சீட்டை மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டி, அதே பிராண்டை வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் விலை இறங்கியதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் யார் என்றே நம் ஊரில் முடிவாகவில்லை.

இவர்களை மலிவான மருந்துக்கு மாற்றுகிற வேலை கடினம் என்று எனக்குப் புரிந்தது அடுத்த வாரம்தான். 2008-இல் அமிர்தசரஸில் ஒரு கடையாகத் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இன்று சேலத்திலும் பல இடத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகளோடு முதல்வர் மருந்தகத்தைத் திறந்தது. அங்கே போங்கள், இதே மருந்து பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் வைத்துப் பேசினேன். ஒருவரும் போகவில்லை.

“அது லோக்கல் மருந்துங்க மேடம். கம்பெனி மருந்து மாதிரி கேக்காது,” என்றார் கார்டிங்கில் வேலை பார்க்கிற ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்பது என்றால் நம் பக்கம் மருந்து வேலை செய்வது. விலை குறைந்தால் கேட்காது. இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் ஏமாந்துவிடக் கூடாதே என்று வாழ்நாள் முழுக்க எச்சரிக்கையாக இருந்தவர்கள் அவர்கள். மலிவான செருப்பு பிய்ந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு மலிவான மாத்திரை மேல் எப்படி நம்பிக்கை வரும்?

ஆகவே கூட்டம் போட்டுப் பேசுவதை விட்டேன். ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினேன். அப்படிப் பேசும்போது எனக்குக் கைகொடுத்தது ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த அரசாங்க அட்டை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள் இல்லையா, மில்லில் பாதிப் பேரின் அம்மாவும் அப்பாவும் அதைத்தான் போடுகிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-இலிருந்து பொதுப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிற மருந்து அது. “உங்க அம்மாவுக்குப் பிரஷர் இறங்குதா?” என்று ஒருவரிடம் கேட்டேன். “இறங்குதுங்க.” “அந்த அட்டையையும் உங்க அட்டையையும் நாளைக்குக் கொண்டு வாங்க.” இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக விரலை வைத்துக் காட்டினேன். ஏ, எம், எல், ஓ. இங்கேயும் ஏ, எம், எல், ஓ. அம்லோடிபின் 5, அம்லோடிபின் 5. அந்த ஆள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ இத்தனை வருசம் நான் எதுக்குக் காசு குடுத்தேன்?” என்றார்.

பெயருக்கும், அந்தப் பெயரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவுக்கும் கொடுத்திருக்கிறார். இதில் பல பேர் குழம்புவதால் விவரமாகவே எழுதுகிறேன். 1970 காப்புரிமைச் சட்டம் மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் தடையில்லை. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை திரும்ப வருகிறவரை இதுதான் நிலை. உலகத்துக்கே மலிவாக மருந்து செய்கிற நாடாக நாம் ஆனது இப்படித்தான். அதனால் நம் ஊர் மெடிக்கலில் நாம் ‘கம்பெனி மருந்து’ என்று கேட்டு வாங்குவதில் பெரும்பகுதியும் ஜெனரிக்தான், அதாவது முதலில் கண்டுபிடித்த கம்பெனி அல்லாமல் வேறு கம்பெனி செய்கிற அதே மருந்து. ஒரு பெயர் வைத்த ஜெனரிக். ஒரே தொழிற்சாலையில் செய்து மூன்று நாலு கம்பெனிப் பெயரில் போவதும் உண்டு. தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று அட்டையில் தனித்தனியாகப் போட்டிருக்கும், பாருங்கள்.

தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு மழுப்பக் கூடாது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் தெரியாத கம்பெனியும் வருகிறது, நாமெல்லாம் அறிந்த கம்பெனியும் வருகிறது. விலையை வைத்துத் தரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அந்தப் பட்டியல் எனக்குச் சொன்னது. மக்கள் மருந்தகத்துக்குப் போகிற சரக்கு ஒவ்வொரு பேட்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு வருகிறது. அதற்காகத்தான் அங்கே போகச் சொல்கிறேன். சில தனியார் கடைகளில் ஜெனரிக் என்று சொல்லிவிட்டு அட்டையில் போட்ட முழு விலையையும் வாங்குகிறார்கள். கடைக்காரருக்கு அது வந்த விலை ரொம்பக் குறைவு, நடுவில் இருப்பது முழுக்க அவருக்கு லாபம். அங்கே வாங்கினால் தொழிலாளிக்கு மிச்சமாவது எதுவும் இல்லை.

அடுத்த தடை சீட்டு. டாக்டர் பிராண்டு பெயர் எழுதினால், மெடிக்கலில் இருக்கிற ஃபார்மசிஸ்ட் அதற்குப் பதிலாக அதே மருந்தின் வேறொன்றைத் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே டாக்டர் கையில்தான் எல்லாம். பொதுப்பெயரில், படிக்கிற மாதிரி எழுதுங்கள் என்று 2016-இலேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கண்டிப்பாக்கப் பார்த்து, டாக்டர்கள் எதிர்த்ததும் அதே மாதம் நிறுத்திவைத்தது. நான் ஒரு சின்னச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். ‘ஐயா, இந்த மருந்துகளைத் தினமும் தவறாமல் சாப்பிட விரும்புகிறேன். முடிந்தால் மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ விலை என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். டாக்டர் முன்னால் காசு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனது வராது. பல டாக்டர்கள் தட்டாமல் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் கோபப்பட்டாராம். ஒருவர் சீட்டு மொத்தத்தையும் திரும்பப் பார்த்து, இரண்டு மாத்திரை தேவையே இல்லை என்று நிறுத்திவிட்டார்.

இவ்வளவும் செய்துவிட்டு நான் ஒரு தப்புப் பண்ணினேன். வைண்டிங்கில் ஒரு அக்கா. சீட்டு மாற்றி, புது அம்லோடிபின் வாங்கி, என்னிடம் காட்டிவிட்டும் போனார். நாலாம் நாள் மெஷின் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் ரொம்பக் கீழே. வீட்டில் மிச்சம் இருந்த பழைய மாத்திரையைக் காலையிலும், புதியதை ராத்திரியிலும் போட்டிருக்கிறார். “அது என் பிரஷர் மாத்திரை கண்ணு. இது நீ சொன்ன மாத்திரைன்னு நெனச்சேன்,” என்றார். பழையதற்குப் பதிலாகப் புதியது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது சொல்லாமலே தெரிகிற விஷயம் என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, இரண்டு நாளில் சரியாகிவிட்டார். மெஷின் ஓடும்போது மயங்கியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் ராத்திரி வரும்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். பழைய அட்டை மேசைக்கு வராமல் புதியதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசிப்போம். அளவையும் பார்ப்போம், கூடவே இருக்கிற எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகளையும் பார்ப்போம். அவை மெதுவாகக் கரைகிற வகை, சாதாரண மாத்திரையோடு மாற்றிப் போடக் கூடாது. பழையதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியது. வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் அதையும் ஒரு நாள் கூட்டிவரச் சொல்வேன், இரண்டு பேராக வாசித்தால் தவறாது. இன்னொன்று, எல்லா மாத்திரையையும் இப்படி மாற்றச் சொல்வதில்லை. வலிப்புக்கு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு, தைராய்டுக்குப் போடுகிறவை அளவில் சின்ன வித்தியாசத்தையும் தாங்காதவை. அலுவலகத்தில் ஒரு பெண் தைராய்டு மாத்திரையையும் மாற்றலாமா என்று கேட்டபோது, போடுவதையே போடு, மாற்றுவதென்றால் உன் டாக்டர் சொல்லி, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையும் பார்த்து மாற்று என்றேன்.

நிர்வாகத்திடம் பேச வேண்டியிருந்தது. எம்.டி. சார் நியாயமான மனிதர். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, “நல்லதுதான்மா, இதுல மில்லுக்கு என்ன?” என்பது. அவருடைய மகள் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே ஆபீஸ் இன்ஷூரன்ஸே மாத்திரைக்கும் தருகிறது, ஜெனரிக் வாங்கினால் கையிலிருந்து கொடுப்பது கொஞ்சம், பிராண்டு வாங்கினால் அதிகம் என்று அவரே சொன்னார். அங்கே 1984-இல் ஒரு சட்டம் வந்து ஜெனரிக்குக்கு வழி திறந்தது. இன்று பத்துச் சீட்டில் ஒன்பது ஜெனரிக். தொழிலாளி மலிவானதை எடுத்தால் முதலாளிக்கு மிச்சம், அதனால் முதலாளியே தூண்டுகிறார். நம் ஊரில் இ.எஸ்.ஐ.-க்கு வெளியே வந்தவர்களின் தினசரி மாத்திரைக்கு முதலாளி ஒரு பைசா தருவதில்லை, ஆகவே மிச்சமும் அவருக்கு இல்லை. நான் அட்வான்ஸ் நோட்டை விரித்து, மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை நாள் லீவு போட்டார்கள் என்று வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தேன். பணம் கேட்கவில்லை. பஸ்ஸை மட்டும் கேட்டேன்.

சம்பளம் 7-ஆம் தேதிக்குள் போட்டுவிடுவோம். 8-ஆம் தேதி முதல் ஷிஃப்ட் முடிந்து சேலத்துக்குள் திரும்புகிற மில் பஸ், வழியில் ஒரு மக்கள் மருந்தகத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. சார் யோசித்துவிட்டு, “அரை மணி நேரமே நிக்கட்டும்,” என்றார்.

முதல் மாதம் ஆறு பேர் இறங்கினார்கள். ஃபிட்டர் அண்ணன் வாங்கிய நாலு மாத்திரையும், முழு முப்பது நாளுக்கு, ஐந்நூறுக்குள் முடிந்தது. பில்லை எனக்குக் காட்டுவதற்காகவே சட்டைப் பையில் வைத்திருந்து மறுநாள் கொண்டுவந்தார். அந்த மாதம் 20 தாண்டியும் அவர் என் மேசைக்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரை மாறியதால் குறைந்தது என்று சொல்ல முடியாது. அவர் தினமும் போட்டதால் குறைந்தது. இப்போது மில்லில் யாராவது கேட்காது என்று சொன்னால் நான் வாயே திறக்க வேண்டியதில்லை, அவர் பார்த்துக்கொள்கிறார்.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கடையில் சில மாதம் சரக்கு இருக்காது. டெல்மிசார்டான் இருந்தால் அட்டோர்வாஸ்டாட்டின் இருக்காது. ஒரு தடவை இல்லை என்று திரும்பி வந்தவர் அடுத்த மாதம் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டார். அதனால் 5-ஆம் தேதியே யாருக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கடைக்குப் போன் பண்ணிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். இடது பக்கம் அட்டையில் இருக்கிற மாதிரியே ஆங்கிலத்தில் மருந்தின் பெயர், வலது பக்கம் தமிழில் பெயரும், எதற்கான மருந்து என்பதும். ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடாமல் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் அந்தச் சார்ட்டின் முன்னால் ஒடிசாவிலிருந்து வந்து ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிற பையன் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தான். ஊரில் அவன் அப்பாவுக்குச் சுகர். மாதாமாதம் இங்கிருந்து பணம் அனுப்புகிறான். செல்போனில் அப்பாவின் அட்டையை யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நானும் அவனும் அதைப் பெரிதாக்கி, சார்ட்டில் இருக்கிற ஆங்கில எழுத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டோம். கிளைமிபிரைடு 1, மெட்ஃபார்மின் 500. “அங்கேயும் இந்தக் கடை இருக்கா அக்கா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். என்னிடமிருந்து பேனாவை வாங்கி, சார்ட்டில் தமிழுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் ஒடியாவில் எழுத ஆரம்பித்தான். இடம் போதவில்லை. இந்த மாதம் பெரிய சார்ட்டாக வாங்க வேண்டும்.